தண்டச்சோறும் தண்ட அன்னமும்

வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவனைத் தண்டச்சோறு என்று திட்டுகிறோம். அவனையே ‘தண்ட அன்னம்’ என்று திட்டிப் பாருங்கள், திட்டுகிறவருக்கே சிரிப்பு வந்துவிடும். கோயிலில் நடப்பது அன்னதானம். அதைச் சோற்றுத்தானம் என்று யாரும் பலகையில் எழுதுவதில்லை. கடையில் கிடைப்பது எலுமிச்சை சாதம். பெருமாளுக்குப் படைப்பது அமுது. அகராதியைப் புரட்டினால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் பந்தி என்று வந்துவிட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி இலை போட்டாக வேண்டும்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பழமொழியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் தூக்கிவிட்டு அதே பொருளுள்ள வேறு சொல்லை வைக்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பது ‘வேழத்துக்கும் பாதம் வழுக்கும்’ என்று ஆனபோது வீடே சிரித்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது ‘நடனம் அறியாதவளுக்கு மண்டபம் வளைவு’ என்று ஆனது. இவற்றையெல்லாம் மிஞ்சியது குரங்கு கையில் பூமாலைதான். ‘மந்தியின் கரத்தில் மலர்த்தொடையல்’ என்று மகள் சொன்னதும், ஏதோ கோயில் தூணில் செதுக்கிய சிற்பத்தைப் பார்ப்பது போல இருந்தது. பூமாலை பிய்ந்து போகும் என்ற பயமே இல்லை. குரங்கு என்ற சொல்லோடு ஓட்டின் மேல் குதிக்கிற சேட்டை, பறித்துக்கொண்டு ஓடுகிற கை, அம்மா பிள்ளையைக் கடிந்துகொள்கிற குரல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. மந்தி மலைச்சாரலிலிருந்து, பழைய பாட்டுகளின் வழியாக வருகிறது. விலங்கு ஒன்றுதான். வந்த வழி வேறு.

இந்தச் சொற்களையெல்லாம் சேர்த்துவைக்க வேண்டும் என்ற ஆசை நம்மவர்களுக்கு மிகப் பழையது. லண்டன் மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே ஆங்கிலத்துக்குத் தம் புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தை வெளியிட்டது 1852-இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே நிகண்டு என்ற சொற்தொகுப்பு நூல்கள் இருந்தன: திவாகரம் இருந்தது, பிங்கலந்தை இருந்தது. திவாகரர் செய்த நூலுக்கு, ஆதரித்த சேந்தனின் பெயரையும் சேர்த்துச் சேந்தன் திவாகரம் என்றார்கள். பின்னால் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு வந்தது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று உலகத்தையே வரிசைப்படுத்திக்கொண்டு போகிற நூல் அது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை ராகம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியில் பொருளகராதி என்றே ஒரு பகுதி இருக்கிறது. பொருளைத் தேடினால் அதற்குரிய பெயர்கள் கிடைக்கும்.

சூடாமணியின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்வது. சிரிப்புக்கு அதுதான் பெரிய சுரங்கம். கரி என்றால் யானை, சாட்சியும் கரிதான். தும்பி என்றால் வண்டு, யானையும் தும்பிதான். கவி என்றால் புலவர், குரங்கும் கவிதான். திருமலைராயன் அவையில் இருந்த புலவர்கள் தங்களைக் கவிராயர்கள் என்று சொல்லிக்கொள்ள, அப்படியானால் வால் எங்கே என்று காளமேகப் புலவர் கேட்டதாகக் கதை வழங்குகிறது. தங்களைப் புலவர்கள் என்று சொல்லியிருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்கள். அகராதி ஒரே வரியில் சேர்த்து வைக்கிற இரண்டு சொற்களில் ஒன்று அவர்களைக் கவிழ்த்துவிட்டது.

ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலில் ஒரு பகுதியை நன்னூல் என்ற இலக்கண நூல் தகுதி வழக்கில், அதாவது ஒன்றை நேரே சொல்லாமல் தக்க வேறு சொல்லால் சொல்வதில், வைத்திருக்கிறது. மங்கலமில்லாததை மங்கலமாகச் சொல்ல ஒரு பெயர் வேண்டும். அதனால்தான் சுடுகாடு நன்காடு ஆகிறது. கறுப்பு ஆட்டையும் வெள்ளாடு என்கிறோம். வெளியில் சொல்லக் கூசுவதற்கு ஒரு பெயர் வேண்டும், அது இடக்கரடக்கல். தொழில் செய்கிறவர்கள் தங்களுக்குள் மறைவாகப் பேச ஒரு பெயர் வேண்டும், அது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்களாம். வேடர்கள் கள்ளுக்கு வைத்த பெயர் சொல்விளம்பி. உள்ளே போனால் உள்ளதையெல்லாம் சொல்லவைப்பது! எத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இந்தப் பெயரைக் கண்டுபிடித்திருப்பார்! கள் என்றால் பானம்தான் தெரிகிறது. சொல்விளம்பி என்றால் குடித்தவனே எதிரில் வந்து நிற்கிறான்.

காலில் நெருஞ்சி முள் குத்தியவருக்கு மருந்து சொல்லும் பழைய விடுகதைப் பாட்டு ஒன்று உண்டு. அதில் தசரதனைப் பெயர் சொல்லாமல் பத்துத் தேர்க்காரன் என்று தொடங்குவார்கள். அவன் மகன் இராமன்; இராமனின் நண்பன் சுக்ரீவன்; அவன் பகைவன் வாலி; வாலியின் மனைவி தாரை. அந்தத் தாரையின் காலை எடுத்துவிட்டுத் தேய்க்க வேண்டும் என்பது மருந்து. தாரையின் துணைக்காலை எடுத்தால் தரை. காலைத் தரையில் தேய், சரியாகிவிடும் என்பதுதான் விஷயம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது ஒன்றைக் கவனித்தேன். தசரதனுக்குப் பதில் வேறு பெயர் வைக்கலாம், மகனைப் புதல்வன் என்றும் நண்பனைத் தோழன் என்றும் மாற்றலாம். கடைசியில் வரும் காலை மட்டும் மாற்ற முடியாது. தாரையின் பாதம் என்றோ அடி என்றோ சொன்னால் பாட்டே படுத்துவிடும். எழுத்துக்கும் உடம்புக்கும் பொதுவாக இருப்பது கால் ஒன்றுதான்.

பள்ளியில் ‘ஒத்த சொல் எழுதுக’ என்று கேட்டு மதிப்பெண் போடுகிறோம். பிள்ளை சோறு என்பதற்கு நேரே அன்னம் என்று எழுதிவிட்டுப் போகிறது. அதோடு நிறுத்தாமல் அடுத்த கேள்வியையும் கேட்கலாம்: எந்த இடத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட முடியாது? அந்தக் கேள்விக்கு விடை தேடுகிற பிள்ளை கல்யாணப் பந்தியையும் கோயில் மடைப்பள்ளியையும் பாட்டி திட்டுவதையும் நினைத்துப் பார்த்தாக வேண்டும். நிகண்டு சொற்களைக் கூட்டிவைக்கும். எதை எங்கே சொல்வது என்பதைப் பேசிப் பழகிய மனிதர்களிடம்தான் கற்றுக்கொள்ள முடியும். சிரித்துக்கொண்டே கற்றால் அது மறக்காது.