மாமாவின் தேத்தண்ணி

நான் ஓ.எல். எழுதிய வருசம் வீட்டில் எனக்கொரு வேலை இருந்தது. மாமாவின் இரவுக் குளிசையைக் கரண்டியால் நசுக்கி, தேத்தண்ணியில் கரைத்துக் கொடுப்பது.

மாமாவுக்கு உளப்பிளவு நோய். "எனக்கொரு வருத்தமும் இல்லை" என்று குளிசையை நாக்குக்குக் கீழே ஒளித்துவைத்துத் துப்பிவிடுவார். இரண்டு தரம் வாட்டில் இருந்து வந்த பிறகு அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒருநாள் கோப்பையின் அடியில் வெள்ளைத் தூள் கிடந்தது. மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்பதுதான் அவருடைய பெரிய பயம். அந்தப் பயத்துக்கு நான் ஆதாரம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த கிளினிக்கில் அம்மா அழுதழுது எல்லாத்தையும் சொன்னா. டொக்டர் முதலில் மாமாவோடு தனியக் கதைத்தார். பிறகு எங்களுக்கும் விளங்கப்படுத்தினார். புளுபெனசின் டெக்கனோயேற் ஊசி. எண்ணெயில் உள்ள மருந்து தசையில் இருந்து கொஞ்சங் கொஞ்சமாக இரத்தத்தில் சேரும். இரண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு ஒருக்கால் போட்டால் போதும். ஆனால் குளிசை ஒத்துவராவிட்டால் நாளைக்கே நிறுத்தலாம், போட்ட ஊசியைத் திருப்பி எடுக்கேலாது. அதனால் முதலில் சின்ன அளவில் போட்டுப் பார்த்தார்கள்.

மாமாவுக்குக் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு ஒரு குளிசை தந்தார்கள். அதை அவரே கேட்டு வாங்கிப் போட்டார்.

கம்பஸ் வந்தபிறகு இதைப்பற்றித் தேடி வாசித்தேன். 2011இல் வந்த இரண்டு ஆய்வுகள் எதிரும் புதிருமாக இருந்தன. பின்லாந்தில், முதல்தரம் வாட்டில் இருந்து வீடு திரும்பிய 2,588 பேரைப் பார்த்திருக்கிறார்கள். ஊசி போட்டவர்கள் திரும்ப வாட்டுக்கு வரும் ஆபத்து, அதே மருந்தைக் குளிசையாக எடுத்தவர்களுடையதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் செய்த ஆய்விலோ ரிஸ்பெரிடோன் ஊசி குளிசையை வெல்லவில்லை. இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம் எனக்குப் பிடித்தது: தாங்களே ஒப்புக்கொண்டு ஆய்வுக்கு வருகிறவர்களை அடிக்கடி கூப்பிட்டுக் கதைக்கிறார்கள். அப்படிக் கவனிக்கப்படுகிறவர்கள் குளிசையையும் ஒழுங்காகப் போடுவார்கள்.

ஊசி வந்ததில் எங்கள் வீட்டுக்கும் ஒரு நிம்மதி. தினமும் அவருடைய வாயைத் திறந்து பார்க்கிற பொலிஸ் வேலை எங்களுக்கு இல்லை. கிளினிக் தவறினால் உடனே தெரியும். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன லீவில் ஒருமாதிரி மன்னிப்புக் கேட்டேன். மாமா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

"ஊசிக்கு என்னட்டைக் கேட்டவை, பிள்ளை. நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

இப்போது கிளினிக் கொப்பியை அவரே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். தேத்தண்ணி மட்டும் இன்னும் தன் கையாலேயே போட்டுக் குடிக்கிறார். நான் போட்டுத் தரவா என்று கேட்பேன். வேண்டாம் என்பார். அடுத்தநாளும் கேட்பேன்.