உம்மாவின் துஆ

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிந்திய கிழமை, என் தங்கச்சியின் மூத்த மகளைப் பார்ப்பதற்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். மருதமுனையில் பெண் பார்ப்பது என்றால் வீடு பார்ப்பதும்தான். பெண்ணுக்கு எழுதிக் கொடுக்கிற வீட்டில்தானே மாப்பிள்ளை வந்து குடியிருக்க வேண்டும். அறைகளைப் பார்த்தார்கள், கிணற்றடியைப் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். எழும்புகிற நேரம் அவர்களில் மூத்தவர் குசினிப் பக்கம் பார்த்தபடி, "அந்த ஆளும் இந்த ஊட்டுலதான் இருப்பாரா?" என்று கேட்டார்.

அந்த ஆள் என் தம்பி. குடித்து முடித்த கோப்பைகளை அவன் ஒவ்வொன்றாகக் குசினிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். இரண்டைச் சேர்த்துத் தூக்கமாட்டான். உடைந்தால் உம்மாவுக்குக் கவலை வரும் என்பது அவனுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த பாடம். உம்மா 2017இல் மௌத்தாகிவிட்டார். பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். "ஓம், இது அவர்ர ஊடுதானே" என்றேன். அது முழு உண்மையில்லை. உறுதியில் தங்கச்சியின் பெயர்தான் இருக்கிறது. நாளை அவளுடைய மகளின் பெயர் இருக்கும். வீடு ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போகும்போது தம்பியும் அதனோடு சேர்ந்து கைமாறிக்கொண்டிருக்கிறான்.

தம்பி 1978இல் பிறந்தான். அவனுக்கு இருப்பது 'டவுண் சின்ட்ரோம்' என்று அவனுடைய ஏழாவது வயதில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அதுவரை ஊர் அதற்கு வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. உடலின் கலங்களில் 21ஆவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதுதான் காரணம் என்பதைப் பிரான்சிய மருத்துவர் ஜெரோம் லெஜூன் 1959இலேயே வெளிப்படுத்தியிருந்தார். நூற்றுக்கு 95 பேரளவில் இது பரம்பரையால் வருவதுமில்லை. ஆனால் அதை உம்மாவுக்கு எடுத்துச் சொல்ல அந்த நாளில் யாருமில்லை. அவர் தன் வயிற்றையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருபதைத் தாண்டமாட்டான்" என்று ஒரு டொக்டர் வாப்பாவிடம் சொன்னாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. 1983ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலேயே இத்தகையவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இருதயக் கோளாறுகளுக்குச் சத்திரசிகிச்சை வந்தது, பிள்ளைகளை வீட்டோடு வைத்து வளர்க்கும் வழக்கம் வந்தது. இப்போது அது 60 வரை உயர்ந்திருக்கிறது. தம்பியும் ஐம்பதை நெருங்குகிறான். தாடி நரைத்துவிட்டது. அந்த நரைக்கு வாப்பா திட்டம் போட்டிருக்கவில்லை. அரசாங்கமும் போடவில்லை, பள்ளிவாசலும் போடவில்லை.

சின்ன வயதில் அவனுக்கு ஒரு பாடசாலை இருந்தது. பக்கத்து ஊரில் விசேட கல்விப் பிரிவு ஒன்றில் அவனைச் சேர்த்தோம். பெயர் எழுதவும் வுழுச் செய்யவும் காசு கொடுத்து மிச்சம் வாங்கவும் பழகினான். பதினாறு வயதானதும் விடுகை விழா நடத்தி, சான்றிதழ் கொடுத்து, போட்டோ பிடித்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் காலை அவன் வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் உடுத்து, பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கடப்படியில் வேனைப் பார்த்து நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். ஒரு மாதம் அப்படி நின்றான். கடைசியில் உம்மா அந்த உடுப்பைக் கழுவி மடித்துப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார்.

வளர்ந்தவர்களுக்கு எதுவுமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் நிறைய இருக்கின்றன. அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 3 ஒதுக்க வேண்டும் என்று 1988இல் சுற்றறிக்கை வந்தது. 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2003இல் தேசியக் கொள்கை வந்தது. சீதுவையில் சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. சிங்களம் தெரியாத, இரவில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற ஒருவனை நாட்டின் அடுத்த கரைக்கு எப்படி அனுப்புவது? பிரதேச செயலகத்தால் கிடைக்கிற மாதக் கொடுப்பனவு மருந்துக்கு உதவுகிறது. பகலில் அவன் எங்கே போவான் என்ற கேள்விக்கு அதில் பதிலில்லை.

சுனாமிக்குப் பிறகுதான் ஒரு பதில் வந்தது. 2004 டிசம்பர் 26இல் எங்கள் கடற்கரையோர வீடுகளை அலை கொண்டுபோன பின் வந்த வெளிநாட்டு உதவிகளில், வாடகை வீடொன்றில் ஒரு பகல் நிலையமும் திறக்கப்பட்டது. தம்பியைப் போல பன்னிரண்டு பேர் அங்கே வந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இத்தனை பேர் வீடுகளுக்குள் இருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்வலப் ஒட்டினார்கள், தேத்தண்ணி ஊற்றினார்கள், வீதியைக் கடக்கப் பழகினார்கள். தம்பி அங்கே ஒரு கூட்டாளியைத் தேடிக்கொண்டான். மூன்று வருடத்தில் திட்டம் முடிந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றிய அடுத்த நாள் காலை அவன் பேக்கோடு மீண்டும் கடப்படியில் நின்றான்.

அவனை அங்கிருந்து கூட்டிப்போனவர் பக்கத்து வளவில் தறி வைத்திருந்த மாமா. "சும்மா நிக்கிறத்துக்கு இஞ்ச வந்து நூலச் சுத்தன்" என்றாராம். ஆரம்பத்தில் நூல் சிக்கியது, அறுந்தது. தம்பிக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது. எத்தனை கட்டை சுற்றினான் என்று அவனுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. மாமா ஒரு பலகைப் பெட்டியில் பத்துக் குழி செய்து கொடுத்தார். குழிகள் நிரம்பினால் பெட்டியைத் தறிக்காரரிடம் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியை எடுத்துவர வேண்டும். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடப் படிப்பு செய்யாததை அந்தப் பெட்டி செய்தது. வேலைக்கு ஏற்றபடி ஆளை மாற்றத்தான் நாங்கள் எல்லோரும் பாடுபட்டோம். மாமா வேலையை ஆளுக்கேற்ப மாற்றினார்.

முதல் கூலியில் அவன் உம்மாவுக்கு வெற்றிலை வாங்கிவந்தான்.

இத்தனை இருந்தும் உம்மாவின் பயம் போகவில்லை. ஒரு நோன்பு காலத்தில் பின்னிரவில் தண்ணீர் குடிக்க எழும்பியபோது அவர் தொழுகைப் பாயில் கையேந்தியிருந்தது கேட்டது. "யா அல்லாஹ், என்ர புள்ளய எனக்கு முன்னால எடுத்துரு." பெற்ற தாய் கேட்கிற துஆவா இது என்று எனக்குக் கோபம் வந்தது. விடிந்ததும் கேட்டேன். உம்மா கோபப்படவில்லை. "மனெ, நீ உன்ர பொண்டாட்டி ஊட்ட போயிருவாய். தங்கச்சிக்கும் புள்ள குட்டி. நான் போனா இவன்ட சாறன ஆரு மாத்துவா? இவனுக்குப் பல்லு நோகுது எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். பிறகு இதே துஆவை வேறு வேறு தாய்மாரின் வாயால் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்களில் தஹஜ்ஜத் வேளையில் எத்தனை பாய்களில் இது கேட்கப்படுகிறதோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

அந்தத் துஆ கபூலாகவில்லை. உம்மா முந்திக்கொண்டார். மையித்தைத் தூக்கும்போது தம்பி அழவில்லை. மூன்றாம் நாள் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்து கட்டிலடியில் வைத்துவிட்டு இருந்தான்.

அன்றிலிருந்து தங்கச்சிதான் அவனுக்கு உம்மா. அவள் ஓர் இரவாவது வெளியே தங்கியதில்லை. உம்ராவுக்கு வந்த வாய்ப்பையும் விட்டுவிட்டாள். பொறுமைசாலி என்று ஊரே புகழ்கிறது. அந்தப் புகழைக் கொண்டு அவளால் ஒரு நாள் ஓய்வெடுக்க முடியாது. ஸகாத் குழு ஒன்றிடம் போய், பகலில் இவர்கள் இருக்க ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளமும் கேட்டேன். தையல் மெஷின் தரலாம், சக்கர நாற்காலி தரலாம் என்றார்கள். மாதா மாதம் ஒருவருக்குச் சம்பளம் என்பது அவர்கள் பட்டியலில் இல்லை. கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளக்கூடிய தேவைகளே நமக்குப் பிடித்திருக்கின்றன. தம்பியின் தேவை முடியாதது.

ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்கிறது. அதை வாசித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. தம்பியை எங்கே வைப்பது என்று குடும்பத்தில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். ஒரு தடவையாவது அவனிடம் கேட்டதில்லை. அன்று மாலை போய்க் கேட்டேன். "தம்பி, உனக்கு எங்க இருக்க விருப்பம்?" வெகு நேரம் யோசித்தான். "உம்மாட கட்டில்ல" என்றான். பிறகு, "காலையில தறியடி" என்றான்.

கேட்டது இவ்வளவுதான். ஒரு கட்டில், காலையில் போவதற்கு ஓரிடம்.

இப்போது நாங்கள் நாலு குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் முறை வைத்து ஒரு வீட்டு விறாந்தையில் இவர்களை வைத்துக்கொள்கிறோம். பகல் நிலையத்துக் கூட்டாளியும் வருகிறான். தங்கச்சிக்குக் கிழமையில் ஒரு பகல் கிடைக்கிறது. மற்ற ஆறு நாட்களும், முதுமையும் நோயும் வருகிற நாட்களும் அப்படியேதான் இருக்கின்றன. நாலு குடும்பத்தால் அவற்றைச் சுமக்க முடியாது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இதை எழுதும்வரை பதில் வரவில்லை. நேற்று தங்கச்சி சொன்னாள்: "காக்கா, உம்மாட துஆவ நான் கேக்கமாட்டன். ஆனா எனக்கு ஒண்டு ஆச்செண்டா இவர ஆரு பாக்கிற எண்டு மட்டும் சொல்லுங்க."

"நான் இருக்கன்" என்றேன். தம்பியைவிட நான் ஆறு வயது மூத்தவன். தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.