மூக்குல கனம் பத்தல சார்

1/ மூணு மாசமா டியூட்டி முடிச்சு வந்து ஒரு விமானம் கட்டிட்டு இருந்தேன் மக்களே. பறக்காது. பிளாஸ்டிக். 23 செ.மீ. அகலம். "இதுக்கா எம்பிபிஎஸ் படிச்ச?"ன்னு வீட்டுல கேட்டாங்க. அந்தக் கதையும், நடுவுல வந்த ஒரு பாம்புக்கடிக் கதையும் இந்த இழையில. கடைசி வரை படிங்க, உங்க வீட்டுக்குத் தேவையான விஷயம் அங்கதான் இருக்கு.

2/ விமானம் செஸ்னா 172. நாலு சீட்டு, ஒரே இன்ஜின், இறக்கை தலைக்கு மேல. 1956லேர்ந்து 44,000க்கும் மேல செஞ்சிருக்காங்க. உலகத்துல வேற எந்த விமானமும் இத்தனை செஞ்சதில்ல. பைலட் ஆகப் போற நிறைய பேர் முதல்ல ஓட்டிப் பழகுறது இதைத்தான். நிஜத்துல இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். என்னோடது அதுல 48ல் ஒரு பங்கு.

3/ பெட்டியைத் திறந்தா விமானம் இருக்காது. பிளாஸ்டிக் சட்டத்துல பாகங்கள் தொங்கும். ஒவ்வொண்ணா வெட்டி, பிசிறு சீவி, பொருத்திப் பார்த்து ஒட்டணும். வெட்டுறதுக்கு 11ஆம் நம்பர் பிளேடு, சீழ்க்கட்டி கீறுற அதே பிளேடுதான். சின்னப் பாகங்களைப் பிடிக்க ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். எல்லாம் கடையில காசு கொடுத்து வாங்கினது, ஆஸ்பத்திரி சரக்கு இல்ல!

4/ இதுக்குன்னு வர்ற பசை, ஃபெவிகால் மாதிரி நடுவுல நின்னு ஒட்டாது. பிளாஸ்டிக்கையே லேசா உருக்கி ரெண்டையும் ஒண்ணாக்கிடும். அதனால மூடினா மூடினதுதான். (நெடி இருக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கங்க, குழந்தைங்க பக்கத்துல வேண்டாம்.)

5/ அங்கதான் கோட்டை விட்டேன். செஸ்னாவுக்கு முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ரெண்டு. பொம்மையில நிஜ இன்ஜின் கனம் கிடையாது. உடம்பை மூடுறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள கனம் வெக்கணும்னு தாள்லயே போட்டிருந்தான். நைட் டியூட்டி முடிச்ச தூக்கக் கலக்கத்துல மூடிட்டேன். பெயின்ட் எல்லாம் அடிச்சு மேசையில நிறுத்தினா, வால் தரையில, மூக்கு வானத்துல. வாலுக்கு அடியில ஒரு தீக்குச்சித் துண்டை முட்டுக் கொடுத்து, யாருக்கும் சொல்லாம விட்டுட்டேன்.

6/ அந்த வாரம்தான் கல்வராயன் மலையிலேர்ந்து ஒரு பையன் வந்தான். ஒம்போது வயசு. தரையில படுத்துத் தூங்கினவன், விடியக்காலம் வயித்து வலின்னு எழுந்திருக்கான். சாப்பாடு சேரலன்னு நெனச்சு கஷாயம் கொடுத்திருக்காங்க. கொஞ்ச நேரத்துல கண் இமை தொங்கிடுச்சு, எச்சில் முழுங்க முடியல. அப்பா தோள்ல போட்டுக்கிட்டு மூணு கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதையில இறங்கியிருக்கார். தார் ரோட்டுக்கு வந்தப்புறம்தான் போன்ல சிக்னல். அப்புறம் 108.

7/ கட்டுவிரியன். கடிச்ச தடமே தெரியல. நம்மகிட்ட வந்தப்ப மூச்சு விடுறதுக்கே திணறிட்டு இருந்தான். விஷமுறிவு மருந்து போட்டு, வென்டிலேட்டர் வெச்சோம். ரெண்டு நாள் அவங்க அம்மா வாசப்படியை விட்டு நகரல. மூணாவது நாள் குழாயை எடுத்தோம். முதல்ல கேட்டது தண்ணி, அடுத்து கேட்டது "வீட்டுக்கு எப்பப் போலாம்?"

8/ வார்டுல சும்மா படுத்திருக்கறானேன்னு விமானத்தைக் கொண்டு போய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டில் மேல நிறுத்தினான். மூக்கு தூக்கிக்கிச்சு. "மூக்குல கனம் பத்தல சார்"ன்னான். ரெண்டே நிமிஷம்! நான் தீக்குச்சி வெச்சு மறைச்சதை மலைக்காட்டுப் பையன் கண்டுபிடிச்சுட்டான்.

9/ அன்னைக்கு ராத்திரி மூக்குக்கு அடியில 11ஆம் நம்பர் பிளேடால சின்னதா ஓட்டை போட்டேன். வழக்கமா தூண்டில் ஈயக்குண்டு போடுவாங்க. பையன் கையில எடுக்கறது, ஈயம் வேண்டாம்னு சைக்கிள் கடையில பால்ரஸ் குண்டு வாங்கி ஏழு உள்ள தள்ளி, பசை விட்டு அடைச்சேன். காலையில மூணு சக்கரமும் தரையில நின்னுச்சு.

10/ கொண்டு போய்க் காட்டினப்ப கேட்டான்: "சார், இது எங்க மலைல எறங்குமா?"

1928 மே 17ல ஆஸ்திரேலியாவுல குளோன்கரிங்கற ஊர்லேர்ந்து ஒரு சின்ன விமானம் டாக்டரை ஏத்திக்கிட்டுக் கிளம்புச்சு. பாதிரியார் ஜான் ஃபிளின் ஆரம்பிச்ச பறக்கும் டாக்டர் சேவை. முதல் வருஷத்துல 50 பயணம், 225 நோயாளிங்க. இன்னைக்கும் நடக்குது. அதைச் சொன்னேன். கண்ணு விரிஞ்சுது.

11/ ஆனா பொய் சொல்ல மனசு வரல. இந்தச் செஸ்னாவுக்கே சுமார் 500 மீட்டர் சமதளம் வேணும். நம்ம மாவட்டத்துல உளுந்தூர்பேட்டையில இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருக்கு, ஆனா அது கீழ, சமவெளியில. "மேலயே ஒண்ணு கட்டினாலும், உன் வீட்டுலேர்ந்து அது வரைக்கும் யாராவது தூக்கிட்டு வரணுமேடா தம்பி"ன்னேன்.

"அப்பா தூக்குவாரு"ன்னான்.

அவங்க அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். எனக்கும் பேச வரல. அந்த மூணு கிலோமீட்டருக்கு விமானம் தேவையில்ல மக்களே. ஒரு ஜீப் போற பாதை போதும்.

12/ பாதை வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கறது:

• மழைக்காலத்துல வெறுந்தரையில படுக்காதீங்க. கட்டில் இல்லன்னா கொசுவலையைப் பாய்க்கு அடியில நல்லாச் செருகிப் படுங்க.
• ராத்திரி நல்லாத் தூங்கின பிள்ளைக்கு விடியக்காலம் வயித்து வலி, வாந்தி, இமை தொங்கறது, முழுங்க முடியாம போறது இருந்தா கட்டுவிரியனைச் சந்தேகப்படுங்க. தடம், வலி, வீக்கம் எதுவுமே இல்லாம இருக்கலாம்.
• கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. மந்திரத்துக்கு நேரம் செலவழிக்காதீங்க.
• நடக்க விடாம தூக்கிட்டு வாங்க. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

13/ மறுபரிசோதனைக்கு வந்தப்ப விமானத்தைக் கொடுத்துட்டேன். வாங்கினதும் வாலை ஒரு விரலால அழுத்தி விட்டுப் பார்த்தான். மூக்கு டக்குனு கீழ வந்துச்சு. "இப்ப சரி"ன்னான்.

அடுத்த பெட்டி வாங்கியாச்சு. இந்தத் தடவை கனத்தை முதல்ல வெச்சிடுவேன்.