மலைமேற் கண்ட பயிற்சி

பிறர் நோயை ஆற்றப் புகுவோர் முதற்கண் தம் நோயை அறிதல் வேண்டும் என்பது யாவரும் ஒப்பும் உண்மை. ஆயினும் அதனையே ஒரு தொழிலின் முதற்பாடமாக வைத்துப் பயிலும் மக்களைச் சென்ற கோடை விடுமுறையிலேதான் யாம் நேரிற் கண்டோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய உமக்கு மனநல ஆலோசகர் கூட்டத்தில் யாது வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். எம் அத்தையார் பல்லாண்டுகளாக அத்தொழிலில் இருப்பவர். கொடைக்கானல் மலையிலே ஓர் ஓய்வில்லத்தில் ஐந்து நாள் நிகழவிருந்த பயிற்சி முகாமுக்கு அவர் புறப்பட்டபோது, "தம்பி, நீயும் வா. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஊர்ப்புறங்களில் வேலை பார்க்கும் சிலருக்கு அந்தச் சொற்களைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமாம்" என்றார். மலைக்குளிரின்மேல் வைத்த ஆசையாலும், அத்தையார் சொல்லைத் தட்டமாட்டாமையாலும் யாம் உடன்பட்டோம். சொல் ஆக்கச் சென்ற யாம் வேறொன்றைக் கற்று மீண்டோம். அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முகாமுக்கு வந்தோர் 24 பேர். மருத்துவமனைகளிற் பணிபுரிவோரும், பள்ளிகளிற் பணிபுரிவோரும், தனியே தொழில் நடத்துவோருமாகப் பல திறத்தினர். கூடத்தில் நாற்காலிகள் வட்டமாக இடப்பட்டிருந்தன. மேசை இல்லை, கரும்பலகையும் ஒரு மூலையில் ஒதுங்கியே நின்றது. முதல் நாள் மாலையில் பயிற்சி ஆசிரியை இரண்டு விதிகளைக் கூறினார். இங்குக் கேட்டது வெளியே செல்லலாகாது என்பது ஒன்று. பிறரை ஆற்றும் இருக்கையில் அமரும் ஒவ்வொருவரும் ஆற்றப்படும் இருக்கையிலும் அமர்ந்து பார்த்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னைய விதியை மதித்து, அங்குப் பிறர் தம் துயரமாகக் கூறியவற்றுள் ஒன்றையேனும் யாம் எழுதவில்லை. எம்முடையதையே எழுதுகின்றோம்.

அங்குப் பயிலப்பட்ட முறைகள் இரண்டு. ஒன்று உடம்பின் வழியாக உள்ளத்தை அணுகுவது. இதில் அமெரிக்கராகிய பீட்டர் லெவின் அமைத்த 'சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' என்னும் முறை பெயர் பெற்றது. அவருடைய 'வேக்கிங் தி டைகர்' என்னும் நூல் 1997-இல் வெளிவந்தது. காட்டு விலங்கு தன்னைத் துரத்திய பகைக்குத் தப்பியபின் உடல் நடுங்கி உதறிப் பின்பு அமைதியாக மேயத் தொடங்குகிறது. மனிதனோ நாணத்தாலும் அச்சத்தாலும் அந்நடுக்கத்தை அடக்கிக்கொள்கிறான். ஓடுதற்கும் எதிர்த்தற்கும் எழுந்த ஆற்றல் செலவாகாமல் உடம்பிலேயே தேங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. ஆகவே இம்முறையில் துன்பக்கதை முழுவதையும் ஒரே மூச்சிற் சொல்லச் செய்வதில்லை. இரசாயனக் கூடத்தில் திரவத்தைத் துளித்துளியாக விட்டுச் சோதிக்கும் 'டைட்ரேஷன்' என்னும் செயலின் பெயரையே லெவின் இதற்கு எடுத்துக்கொண்டார். சிறிது துயரத்தைத் தொடுதல், உடனே உடம்பில் நலமாயுள்ள ஓரிடத்திற்கு மீளுதல், மறுபடியும் சிறிது தொடுதல் என ஊசலைப்போல ஆலோசகர் அழைத்துச் செல்வார்.

மற்றொன்று உள்ளத்தைப் பல கூறுகளாகக் கண்டு அவற்றோடு பேசுவது. 1980-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் சுவார்ட்ஸ் என்பார் சிகாகோ நகரிற் குடும்பங்களுக்கு ஆலோசகராயிருந்தார். மிகையாக உண்டு பின்பு வலிந்து கக்கும் நோயுடைய இளையோர் அவரிடம் வந்து, எம்முள் ஒரு பகுதி இப்படிச் சொல்கிறது, மற்றொரு பகுதி அப்படிச் சொல்கிறது என்று கூறினர். குடும்பத்தினரைக் கேட்பதுபோலவே அவர் அப்பகுதிகளையும் கேட்கத் தொடங்கினார். 'இன்டர்னல் பேமிலி சிஸ்டம்ஸ்' என்று அவர் பெயரிட்ட இம்முறையைப் பற்றிய நூல் 1995-இல் வெளிவந்தது. காயம்பட்டு உள்ளே ஒதுக்கப்பட்ட பகுதிகள் சில. அவை வெளிவராதபடி அன்றாடம் காவல்செய்யும் பகுதிகள் சில. காவலையும் மீறி வலி எழுந்தால், தண்ணீர் வீட்டைக் கெடுப்பதைப் பாராமல் தீயணைப்போர் பாய்வதுபோல, குடியாகவோ வெறியாகவோ பாய்ந்து அதனை அணைக்க முயலும் பகுதிகள் சில. இவற்றுள் எதுவும் தீயதன்று. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்தவரையில் அம்மனிதனைக் காக்கவே முயல்கிறது. இவற்றிற்கு அப்பாற்பட்ட அமைதியான 'செல்ப்' ஒன்று எல்லாரிடத்தும் உண்டு. அதுவே பகுதிகளை ஆற்றும் என்பது அம்முறையின் அடிப்படை.

சுவார்ட்ஸ் தம் தவறொன்றைத் தாமே பலவிடத்தும் கூறியுள்ளார். அதனை இரண்டாம் நாள் ஆசிரியை எமக்குச் சொன்னார். தன் உடலைத் தானே கீறிக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு உதவப் புகுந்தபோது, அவ்வாறு கீறும் பகுதி இனி அது செய்யேன் என்று வாக்களிக்கும்வரை அவர் விடாது வற்புறுத்தினாராம். மறுவாரம் அப்பெண் முகத்தில் பெருங்கீறலுடன் வந்தாள். அவர் மனம் உடைந்து, "உன்னை என்னால் வெல்ல முடியாது" என்று அப்பகுதியிடம் ஒப்புக்கொண்டார். அப்பொழுதுதான் அது, தனக்கும் அவரை வெல்லும் விருப்பம் இல்லை என்றதாம். அன்று முதல் அவர் அடக்குவதை விட்டுக் கேட்கத் தொடங்கினார். யாம் இதனைக் குறிப்பேட்டில் ஒரு கதையாக எழுதிக்கொண்டோம். கதையின் பொருள் எமக்கு அப்போது விளங்கியதாகவே நினைத்தோம்.

இம்முறைகளை எல்லா நோய்க்கும் மருந்தென ஆசிரியை பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சுவார்ட்ஸ் முறையை மூட்டுவாத நோயாளர் 79 பேரிடம் சோதித்த ஆய்வொன்று 2013-இலும், லெவின் முறையை 63 பேரிடம் சோதித்த ஆய்வொன்று 2017-இலும் வெளிவந்தன. இரண்டும் நம்பிக்கை தருவன, ஆயினும் சிறியன. பெரிய ஆய்வுகள் மிகுதியாக வரும்வரையில் அடக்கமாகவே பேசுங்கள் என்று அவர் எச்சரித்தார்.

இனி எம் வேலைக்கு வருவோம். 'பார்ட்' என்பதற்குக் கூறு, பகுதி, உறுப்பு என்று மூன்று சொற்களை எழுதிவைத்து யாம் பெருமிதத்தோடு காட்டினோம். தேநீர்ப் பொழுதில், ஊர்ப்புறத்திற் பணிசெய்யும் ஓர் அம்மையார் அவற்றைப் பார்த்து நகைத்தார். "தம்பி, எங்கள் ஊரில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே! ஒரு மனசு போ என்கிறது, ஒரு மனசு வேண்டாம் என்கிறது என்று கிழவிகள் சொல்லுவார்களே, கேட்டதில்லையா?" என்றார். யாம் வாயடைத்துப் போனோம். உடம்பைப் பற்றிய சொற்களும் அவ்வாறே. வயிற்றைக் கலக்குகிறது, தொண்டையை அடைக்கிறது, ஈரற்குலை நடுங்குகிறது, பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நம் தாய்மார் நாள்தோறும் பேசுகின்றனர். 'செல்ப்' என்பதற்கு மட்டும் நெடுநேரம் வழக்காடினோம். ஆன்மா என்றால் சமய வாதம் எழும். தான் என்றால் செருக்குப்போல ஒலிக்கும். ஈற்றில் அவ்வம்மையாரே, "வீட்டுப் பெரியவர் என்று சொல்லுங்கள். திண்ணையில் உட்கார்ந்து எல்லார் வழக்கையும் கேட்பார், ஒருவரையும் அடிக்கமாட்டார்" என்றார். அதனினும் சிறந்த சொல்லை எம்மால் ஆக்க முடியவில்லை.

நான்காம் நாள் ஒருவர் காய்ச்சலால் ஊர் திரும்பினார். பயிற்சி மும்மூவராக நடக்கும். ஒருவர் ஆற்றுவோர், ஒருவர் ஆற்றப்படுவோர், ஒருவர் அருகிருந்து காண்போர். ஒரு குழுவில் ஆள் குறைந்தமையால், விரும்பினால் ஆற்றப்படுவோராக மட்டும் அமரலாம் என்று ஆசிரியை எமக்கு இசைவளித்தார். பெருந்துயரம் எதையும் எடுக்கலாகாது; துயரத்தைப் பத்தாக அளந்தால் மூன்றுக்கு மேற்படாததையே எடுக்கவேண்டும் என்றார். யாம் எம் தொண்டையை எடுத்தோம். முதலாண்டிலே தமிழ் மன்றத்தில் பேச எழுந்தபோது, மனப்பாடம் செய்த உரை முழுவதும் நினைவிலிருந்தும், தொண்டை அடைத்துக் குரல் வெளிவராமல் அவை நகைக்க இறங்கி வந்தோம். அத்தொண்டையின்மேல் எமக்குத் தீராப் பகை.

எதிரே அமர்ந்த ஆலோசகர், அது உடம்பில் எங்கே உளது, எவ்வாறு உளது என்று மெல்லக் கேட்டார். தொண்டைக்குழியில் ஒரு முடிச்சுப்போல என்றோம். "அதன்மேல் உங்களுக்கு என்ன உணர்வு?" என்றார். "வெறுப்பு" என்றோம். "அந்த வெறுப்பும் ஒரு மனசுதான். அதைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்" என்றார். நகைப்புக்கிடமாகத் தோன்றியது, ஆயினும் கேட்டோம். சிறிது இடம் பிறந்தது. பின்பு, "தொண்டையை அடைக்காமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்று அது பயப்படுகிறது?" என்றார். யாம் விடை தேடவில்லை. விடை தானே வந்தது. ஏழாம் வயதில், கிறிஸ்துமஸ் விழாவில், எம் ஊர்க் கோயிலிலே சங்கீதம் ஒன்றை ஒப்புவிக்க நின்று, நடுவில் ஓரடி தவறி, வேறொன்றைச் சொல்லிவிட்டோம். சபையார் நகைத்தனர். முன்வரிசையில் இருந்த எம் தந்தையார் தலையைக் குனிந்துகொண்டார். அக்குனிந்த தலையை மீண்டும் காணக்கூடாது என்பதற்காகவே அம்முடிச்சு பன்னிரண்டு ஆண்டுகளாகக் காவல் நின்றது. கண்ணீர் வந்தது, கைகளிற் சூடு பரவியது, நெடுமூச்சு ஒன்று எழுந்தது. அவ்வளவே. ஆலோசகர் முடிச்சை அவிழ்க்க முயலவில்லை. "இத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறது. முடிந்தால் ஒரு நன்றி சொல்லுங்கள்" என்றார்.

அன்றிரவு தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எம் நினைவுக்கு வந்தது. உள்ளத்து நிகழ்வனவற்றை நகை முதலாக எட்டாக வகுத்த ஆசிரியர், அவற்றிற்கு மெய்ப்பாடு என்றே பெயரிட்டார். உடம்பில் வெளிப்படுவது என்பது அதன் பொருள். அச்சம் பிறக்கும் இடங்களாக அவர் கூறும் நான்கனுள் விலங்கும் கள்வரும் இருத்தல் வியப்பன்று. தம் இறையும் அவற்றுள் ஒன்று. தமக்கு மேலானவரை அஞ்சும் அச்சத்தைத் தேர்வுக்காகப் பலமுறை உருவிட்டிருந்தோம். அது எம் தொண்டையில் இருப்பது என்று அன்றுதான் அறிந்தோம்.

இதனோடு முடிந்திருந்தால் இக்கட்டுரை இனியதாகவே முடிந்திருக்கும். கல்லூரி திறந்தது. விடுதியில் எம் அறைத்தோழர் தாயை இழந்து ஓராண்டு நிறையாதவர், இரவில் உறங்கமாட்டார். ஐந்து நாட் கல்வியால் நெஞ்சு நிமிர்ந்திருந்த யாம், ஓரிரவு அவர் கட்டிலருகே அமர்ந்து, "அந்தத் துக்கம் உடம்பில் எங்கே இருக்கிறது? அதற்கு என்ன வயது?" என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவினோம். முதலில் விடை சொன்னார். பின்பு அவர் கைகள் நடுங்கின, மூச்சு இரைத்தது, எழுந்து தாழ்வாரத்திற்குச் சென்று சுவரைப் பிடித்துக்கொண்டு விடியுமளவும் நின்றார். பத்து நாட்கள் எம்மோடு பேசவில்லை.

அஞ்சி அத்தையாரைக் கைப்பேசியில் அழைத்தோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "அவனாக உன்னைக் கேட்டானா?" என்றார். "இல்லை, அத்தை" என்றோம். "அவனுடைய காவல்காரனிடமாவது அனுமதி கேட்டாயா?" என்றார். அதுவும் இல்லை. "கதவைத் தட்டாமல் உள்ளே போனாய். முதலில் மன்னிப்புக் கேள். அவனுக்கு இஷ்டம் இருந்தால் கல்லூரி ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போ. வேறொன்றும் செய்யாதே" என்றார். அப்போதுதான் குறிப்பேட்டைத் திறந்து, சுவார்ட்ஸ் தம் தோல்வியைக் கூறிய அப்பக்கத்தை மீண்டும் படித்தோம். துளித்துளியாக என்று எழுதியதும் எம் கையெழுத்தே. எழுதியவர் ஒருவர், கற்றவர் ஒருவரும் இலர்.

மன்னிப்புக் கேட்டோம். தோழர் நெடுநேரம் கழித்து, "நீ ஒன்றும் கேட்க வேண்டாம். தூக்கம் வராதபோது விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து உன் பாடத்தைப் படி. அது போதும்" என்றார். அவ்வாறே செய்கின்றோம். அவர் பின்னர்த் தாமே ஆலோசகரிடம் சென்றார். அங்கு நிகழ்வதை அவர் சொல்வதில்லை, யாமும் வினவுவதில்லை. இப்பகுதியை எழுதுதற்கு அவர் இசைந்த பின்னரே எழுதினோம்.

பல்லாண்டு தொழில் செய்தவர்களும் ஏன் மலையேறிச் சென்று ஐந்து நாள் தம் மூச்சையும் தம் நடுக்கத்தையும் கவனித்துக்கொண்டிருந்தனர் என்பது எமக்கு இப்போது விளங்குகிறது. பிறரை விரைவில் ஆற்றிவிடவேண்டும் என்று துடிப்பதும் ஒரு மனசே. புகழை நாடியோ, பிறர் துயரைக் காணப்பொறாமலோ அது துடிக்கிறது. அதனைத் தள்ளி உட்காரச் சொல்லத் தெரியாதவன் பிறன் கதவருகே செல்லலாகாது. நண்பர்காள், நம் விடுதிகளில் உறங்காதவர் பலர் உளர். அவருக்கு வேண்டுவது எம் அரைகுறைக் கல்வி அன்று. தேர்ந்தவரிடம் செல்ல ஒரு துணையும், அருகிலே எரியும் ஒரு விளக்குமே. எம் தொண்டை இன்றும் சிலபோது அடைக்கிறது. அடுத்த திங்கள் தமிழ் மன்றத்திற் பேச எம் பெயரைக் கொடுத்துள்ளோம். அடைத்தால் சிறிது நின்று, அக்காவலனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தொடர்வோம், அவையினர் பொறுத்தருள்வாராக.