புரவலரும் தொட்டிப் படங்களும்

மலர்க் குழு அன்பர்கள் இவ்வாண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டனர். பழந்தமிழ்ப் புலவர்களைப் பற்றி ஏதாவது எழுதித் தருவது என் வழக்கம்; இம்முறையும் புறநானூற்றின் பக்கமே போகலாம் என்று எண்ணிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பெருஞ்சித்திரனார் பரிசில் நாடி அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்ற செய்தி அன்பர்கள் அறிந்ததே. மன்னன் அவரை நேரில் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். தம்மைக் கண்டு, தம் புலமையை அளந்தறிந்து தருவது மிகச் சிறிதாயினும் போதும் என்பது அவர் நிலை. இவ்விடத்தைப் படித்துக்கொண்டிருந்த இரவில் என் அக்காள் மகனின் நினைவு வந்து குறுக்கிட்டது. அதன்பின் வேறு எதையும் எழுத ஓடவில்லை.

நான் ஓவியம் அறிந்தவன் அல்லன். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்று, தேர்வெழுதி, தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தவன். கோப்புகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியதில் ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்: பணத்துக்கு ஒப்புதல் அளிப்பவர் யாரோ, அவருடைய விருப்பம் கோப்பில் எழுதப்படாமலே கீழே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். இந்த அறிவைத்தான் நான் அந்தப் பிள்ளைக்கு வழங்கினேன்.

அவன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். வணிகவியல் படித்தான், ஓவியம் தானே கற்றது. 2021-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, லட்சுமி நகரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில் இரவெல்லாம் உட்கார்ந்து, மின்பலகையில் நீர்த்தொட்டிகளை வரைந்தான். தில்லியின் மாடிகளில் வரிசை வரிசையாக நிற்கும் கறுப்பு நெகிழித் தொட்டிகளைத் தினமும் பார்க்கிறோம், பார்த்தும் பார்ப்பதில்லை. அவன் படத்தில் அவை ஊருக்குப் போக இரயிலுக்குக் காத்திருக்கும் குடும்பங்களைப் போல் நின்றன. பேட்டைக்குப் பேட்டை சென்று, கரோல்பாக், முனிர்க்கா, பட்பர்கஞ்ச் என்று நாற்பது படங்கள் வரைவது அவன் எண்ணம்.

அவ்வாண்டு மார்ச் மாதம் 11-ஆம் நாள் ஒரு செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. பீப்பிள் என்னும் புனைபெயர் கொண்ட அமெரிக்க ஓவியர் மைக் விங்கல்மன், 2007 மே முதல் நாளொன்றுக்கு ஒரு படமாக வெளியிட்டு வந்த ஐயாயிரம் படங்களை ஒன்றாக இணைத்த ஒரு மின்னோவியம், கிறிஸ்டிஸ் ஏலத்தில் 6 கோடியே 93 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஏலம் தொடங்கிய விலை 100 டாலர். வாங்கியவர் மெட்டாகோவன் என்ற பெயருக்குள் மறைந்திருந்தார். சில நாட்களில் அவரே வெளிப்பட்டார்: சிங்கப்பூரில் வாழும் நம் தமிழர், விக்னேஷ் சுந்தரேசன். புனைபெயரில் நம் 'கோ' ஒளிந்திருப்பதை அன்பர்கள் கவனித்திருப்பார்கள். அவருடன் இயங்கிய ஆனந்த் வெங்கடேஸ்வரன் சூடிக்கொண்ட டுபடோர் என்ற பெயரோ, ஐரோப்பிய இடைக்காலப் பாணரைக் குறிக்கும் சொல்லை ஒட்டியது. அரசனும் பாணனும்! இந்தியரும் நிறத்தால் ஒதுக்கப்பட்டோரும் கலைக்குப் புரவலராக முடியும் என்று காட்டுவதும் தம் நோக்கம் என்றார் அவர். அதைப் படித்தபோது நான் பெருமிதம் கொண்டேன் என்பதை மறைப்பானேன்? அலுவலகத்தில் வட நாட்டு நண்பர்களிடம் இரண்டு நாள் அதையே பேசினேன்.

அப்படி வாங்கியவருக்குக் கிடைப்பதுதான் என்ன என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் படத்தை இன்றும் எவரும் கணிப்பொறியில் காணலாம். வாங்கியவர் கையில் பதிப்புரிமையும் இல்லை. கோயில் கோபுரத்தை ஊரே பார்க்கிறது; ஆனால் பட்டா ஒருவர் பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டாவுக்குத்தான் என்.எஃப்.டி. என்று பெயர். ஈத்தீரியம் போன்ற பொதுப் பதிவேடுகளில், யாரும் அழித்தெழுத முடியாதபடி, இன்ன படைப்பு இன்னார் பெயரில் என்று பதியப்படுகிறது. விலையும் பெரும்பாலும் அங்கே புழங்கும் ஈதர் நாணயத்தில்தான்.

ஏலத்துக்கு முன்பே அப்புரவலரிடம் பீப்பிளின் வேறு இருபது படைப்புகள் இருந்தன. அவற்றைத் தொகுத்து, பி.20 என்ற பெயரில் சிறு பங்குகளாக்கி 2021 சனவரியில் வெளியிட்டார்கள். பங்குகளில் நூற்றுக்கு இரண்டு ஓவியரிடமே இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஏலத்தை ஒட்டி அப்பங்குகளின் விலை ஏறிப் பின்னர் சரிந்தது. இதில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. எல்லாம் வெளிப்படையாகவே நடந்தது. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். படைப்பின் விலையை உயர்த்துகிறவர் அதே படைப்பாளியின் மற்றப் படைப்புகளையும் கையில் வைத்திருக்கும்போது, பரிசில் என்ற பழைய சொல் அங்கே பொருந்துவதில்லை. குமணன் புலவருக்குக் கொடுத்ததில் நாளை விலை ஏறும் என்ற கணக்கு இல்லை.

செப்டம்பர் மாதம் அக்காள் மகனுடைய தொட்டிப் படங்கள் நான்கினை ஒருவர் வாங்கினார், படத்துக்கு ஈதரில் பத்தில் ஒரு பங்கு. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 24,000 ரூபாய். வாங்கியவர் பெயர் தெரியாது; முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குரங்கின் படம். எந்த நாட்டவர், ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. அக்காள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, இது நல்ல பணந்தானா? போலீசு கீலீசு வருமா?" என்று கேட்டாள். அவள் கணவரின் நிறுவனம் ஊரடங்கில் ஊதியத்தைப் பாதியாக்கியிருந்த சமயம் அது.

அந்தப் பெயரில்லாதவருக்கு ஒரு குழு இருந்தது. அவரிடம் விற்ற ஓவியர்களும் விற்க விரும்புவோரும் கூடும் அரட்டைக் கூடம். தினமும் காலையில் அனைவரும் அங்கே வணக்கம் சொல்ல வேண்டும். அவருக்கு எப்போது விடிகிறதோ அப்போது நம் பிள்ளைக்கும் காலை. பல நாள் நள்ளிரவில் எழுந்து வணக்கம் எழுதினான். அவர் ஒரு படத்தைப் புகழ்ந்தால் மற்றவர்கள் நூறு பேர் புகழ்வார்கள். அவர் மௌனமாக இருந்தால் கூடமும் மௌனம். உயர் அதிகாரியின் அறை வாசலில், கதவு திறக்கும் ஓசைக்காகக் கையில் கோப்புடன் நிற்கும் எங்கள் கூட்டத்தை நினைத்து அப்போது நான் சிரித்தேன். கைபேசியில் தெரிந்த அந்தக் கூடத்தில் கதவு எங்கிருக்கிறது என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை.

நவம்பரில் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. மேலும் எட்டுத் தொட்டிகளை வாங்கிக்கொள்வதாகவும், விலை முன்னதைவிட ஒன்றரை மடங்கு என்றும் எழுதியிருந்தார். ஈதர் 4,800 டாலரை எட்டிய மாதம் அது. எட்டுப் படங்களுக்கும் நான்கு இலட்சம் ரூபாய்! ஆனால் தொட்டிகள் பன்னிரண்டோடு நிற்க வேண்டும். பதின்மூன்றாவது வரையக் கூடாது. அருமை இருந்தால்தான் மதிப்பு. கிடைக்கும் ஈதரை அவசரப்பட்டு விற்றுவிடுவது கூடத்தார்மீது நம்பிக்கையில்லாததைக் காட்டும் என்றும் ஒரு வரி இருந்தது.

பையன் என் வீட்டுக்கு வந்தான். சோபாவில் உட்காராமல், சமையலறை வாசலில் நின்றுகொண்டு பேசினான்.

"மாமா, முனிர்க்கா இன்னும் வரையவே இல்லை. நான் மனத்தில் வைத்திருப்பதே அந்த இடந்தான்."

"நான்கு இலட்சம் கொடுக்கிறவர் சொல்கிறார். உனக்கு வேறு பொருளா கிடைக்காது? தொட்டியை விட்டுவிட்டுத் துணி உலர்த்தும் கொடியை வரையேன்," என்றேன்.

என் மனைவி உள்ளிருந்து, "பிள்ளை என்ன சொல்கிறான் என்று முழுதும் கேளுங்கள்," என்றாள். நான் கேட்கவில்லை. அக்காளின் வாடகை பாக்கி என் கண்முன் நின்றது. அந்தப் பாக்கியில் ஒரு பகுதி என் பையிலிருந்து போக வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அவன் ஒப்புக்கொண்டான். பணத்தில் பாதியை மாற்றி வீட்டுக்குக் கொடுத்தான். மறுபாதியை அவர் சொன்னபடி ஈதராகவே வைத்திருந்தான். பீப்பிள் தமக்குக் கிடைத்த ஈதரை உடனே டாலராக மாற்றிக்கொண்டார் என்ற செய்தி அப்போதே பத்திரிகைகளில் வந்திருந்தது. நான் அதைப் படித்தும் இருந்தேன். நம் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

2022 சூன் மாதம் ஈதர் ஆயிரம் டாலர் அளவுக்கு இறங்கியது. ஒரே மாலையில் அந்தப் பெயரில்லாதவர் பன்னிரண்டு தொட்டிகளையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். ஒவ்வொரு மறுவிற்பனையிலும் நூற்றுக்குப் பத்து ஓவியருக்கு வரும் என்ற ஏற்பாடு அந்தச் சந்தையில் இருந்தது. அதன்படி அவனுக்கு வந்த தொகை, பன்னிரண்டுக்கும் சேர்த்து 800 ரூபாய்க்குச் சற்று மேல். வைத்திருந்த ஈதர் இரண்டு இலட்சத்திலிருந்து ஐம்பதாயிரமாகியிருந்தது. இவற்றைவிட அவனை வருத்தியது, அந்த மாலைக்குப் பின் கூடத்தில் அவன் சொன்ன காலை வணக்கத்துக்கு யாரும் மறுமொழி எழுதாததுதான்.

இது கணிப்பொறி கொண்டுவந்த புதுக்கேடு என்று நான் சில காலம் நினைத்திருந்தேன். அப்படியன்று. 1973 அக்டோபர் 18-ஆம் நாள் நியூயார்க்கில் ராபர்ட் ஸ்கல் என்ற செல்வர், வாடகைக் கார்த் தொழிலால் பொருளீட்டியவர், தம் ஓவியச் சேகரிப்பில் ஐம்பது படைப்புகளை ஏலத்தில் விற்றார். ராபர்ட் ரௌஷன்பர்க்கிடம் 1958-இல் 900 டாலருக்கு வாங்கிய ஒரு படம் அன்று 85,000 டாலருக்குப் போனது. ஓவியருக்கு அதில் ஒரு காசும் இல்லை. ஏலம் முடிந்ததும் ரௌஷன்பர்க் ஸ்கல்லை எதிர்கொண்டு கடிந்துகொண்டதும், பிடித்துத் தள்ளியதும் கலையுலகம் இன்றும் பேசும் கதை. ஸ்கல் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது: இந்த விலையால் ஓவியரின் அடுத்த படத்துக்கும் மதிப்பு ஏறுமே என்பது. ஏறியதும் உண்மை. 1976-இல் கலிபோர்னியா மாநிலம் மறுவிற்பனையில் ஓவியருக்கு நூற்றுக்கு ஐந்து தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பின்னாளில் நீதிமன்றங்கள் அதைப் பெரும்பாலும் செல்லாததாக்கிவிட்டன. பிரெஞ்சு நாட்டிலோ அவ்வுரிமை 1920 முதலே உண்டு.

நம் நாட்டிலும் உண்டு என்பதைக் கோப்புகளில் உழலும் எனக்கே அண்மையில்தான் தெரிந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு, 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. ஓவியம், சிற்பம், கையெழுத்துப் படி ஆகியவற்றின் மூலப்படி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைத்தவருக்குப் பங்கு உண்டு; அது நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாது. நல்ல பிரிவுதான். ஆனால் அதை எழுதியவர்களின் மனத்திலிருந்த மூலப்படி கையால் தொட்டுத் தூக்கிச் செல்லக் கூடிய பொருள். மின்னோவியர்களுக்கு ஆறுதலாக இருந்ததெல்லாம் சந்தைகள் தாமாகவே வைத்திருந்த ஏற்பாடு. சந்தைகளுக்குள் போட்டி முற்றியதும் அதுவும் தளர்ந்தது. பெருஞ்சந்தையான ஓபன்சீ, ஓவியர் பங்கை இனிக் கட்டாயப்படுத்தப் போவதில்லை, வாங்குவோர் விற்போர் விருப்பத்துக்கு விடுகிறோம் என்று 2023 ஆகஸ்டில் அறிவித்தது. பங்கு கொடுக்க விரும்பாத பெருவணிகர்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்ற அச்சம் சந்தைக்கு. ஓவியர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சம் அந்த அளவுக்கு இல்லை. நம் அரசுக்கு மட்டும் பங்கில் குழப்பமே இல்லை: இத்தகைய மின்சொத்துகளை விற்றுவரும் ஆதாயத்தில் நூற்றுக்கு முப்பது வரி, 2022 ஏப்ரல் முதல்.

இவற்றையெல்லாம் தேடிப் படித்து ஒருநாள் அவனிடம் விரிவாகச் சொன்னேன். ஆறுதல் சொல்கிறேன் என்று எனக்கு நினைப்பு. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்கல் அந்த ஓவியரை வரையாதே என்று சொன்னாரா, மாமா?" என்றான்.

நான் விடை சொல்லவில்லை. வரையாதே என்று அவனுக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு முகம் இல்லை. மற்றவன் அவன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயரில்லாதவர் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம் என்றார். அவன் மறுத்திருந்தால் நான்கு இலட்சம் போயிருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னதால் மறுக்க முடியாமற் போயிற்று. பெருஞ்சித்திரனாருக்குப் பக்கத்தில் ஒரு மாமன் இருந்து, கொடுத்ததை வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்?

அவன் இப்போது நொய்டாவில் கைபேசி விளையாட்டுகளுக்குப் படம் வரையும் நிறுவனத்தில் பணியாற்றுகிறான். மாதச் சம்பளம். மரம் என்றால் மரம், கோட்டை என்றால் கோட்டை. யார் எதற்குச் சொல்கிறார்கள் என்பது தெரிகிறது, அது போதும் என்கிறான். ஆனால் சென்ற பொங்கலுக்கு வந்தவன், சாப்பிட்டுவிட்டு என் மகளையும் அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தபோது எங்கள் தொட்டியின் எதிரில் தரையில் உட்கார்ந்து, மடியில் மின்பலகையை வைத்திருந்தான். மூடி உடைந்து, செங்கல் வைத்து அழுத்திய தொட்டி அது. "அந்தச் செங்கல்லை எடுத்துவிடாதீர்கள் மாமா," என்றான்.

அந்தப் படத்தை இம்மலருக்குத் தருவாயா என்று கேட்டேன். என்ன கொடுப்பார்கள் என்றான். மலரில் இரண்டு படி கிடைக்கும் என்றேன். சிரித்தான், தருகிறேன் என்றான். ஒரு நிபந்தனை மட்டும்: முழுப் பக்கத்தில் போட வேண்டும், விளம்பரத்துக்கு இடம் விடுவதற்காகக் கீழே வெட்டக் கூடாது, செங்கல் மேலே இருக்கிறது, ஆனால் குழாய் கீழே போகிறது. மலர்க் குழுவிடம் சொன்னேன். முயல்கிறோம், அந்தப் பக்கத்துக்கு முன்பே விளம்பரம் வாங்கியாயிற்று என்றார்கள்.

விளம்பரம் கொடுத்தவர் யார் என்று அவன் கேட்டான். சொன்னேன். அவரைப் போய் நேரில் பார்த்துவிட்டு வரலாம் வா என்று, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இருவருமாகப் புறப்படுவதாக இருக்கிறோம்.