கண்ணாடி இல்லாத படம்

எங்கள் வீட்டில் இறந்தவர்களின் படங்களுக்கு எப்போதும் கண்ணாடி உண்டு. மாலை சட்டத்தின் மீது தொங்கும். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் மீது வைக்கப்படும். அமாவாசையன்று காலையில் அம்மா ஈரத்துணியால் பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். தாத்தாவின் நெற்றியும் பாட்டியின் நெற்றியும் நாற்பது வருடங்களாக இப்படித்தான் துடைக்கப்பட்டு வந்திருக்கின்றன. துடைக்கப்பட்டது நெற்றியல்ல, கண்ணாடிதான் என்பதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

அப்பாவின் படத்துக்குக் கண்ணாடி வேண்டாமென்று தீர்மானித்தவன் நான். அதற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன. தாத்தாவின் முகத்தைப் பார்க்கப் போனால் எதிர்ச்சுவரின் குழல்விளக்குதான் முதலில் தெரியும். பாட்டியின் புகைப்படமோ ஒரு மழைக்காலத்தின் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சட்டத்தைப் பிரித்தபோது அவளுடைய கன்னத்தில் ஒரு பகுதி கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. எனவே அப்பாவின் பழைய ஸ்டூடியோ புகைப்படத்தை ஸ்கேன் செய்து, கான்வாஸ் துணியில் இரண்டடிக்கு மூன்றடியாக அச்சிட்டு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி மாட்டினேன். ஓவியர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் அச்சிட்டுக் கொடுக்கும் சிறிய கூடம் அது. "கோட்டிங் போட்டுடலாமா சார்? ரெண்டு நாள் கூட ஆகும்" என்று கேட்டார் அதை நடத்துபவர். பளபளப்பு வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. இரண்டு நாள் காத்திருக்கவும் மனமில்லை. வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

முதல் அமாவாசையில் அம்மா பொட்டு வைத்தாள். இரண்டாம் அமாவாசையில் அதைத் துடைத்தாள். நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் படத்தின் முன் துணியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் புருவங்களுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் நூல் தெரிந்தது. "உங்கப்பா நெத்திய நானே அழிச்சுட்டேன்டா" என்றாள். அழவில்லை. துணியைத் திருப்பித் திருப்பி, அதில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

தவறு அவளுடையதல்ல, மையினுடையதும் அல்ல என்பதைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். இன்று கலைப்படிகளுக்குப் பயன்படும் மைகள் பெரும்பாலும் நிறமிகளால் ஆனவை. நிறமி நீரில் கரையாது. ஆனால் அது துணியின் மீது நேரடியாக உட்காருவதில்லை. மையைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்வதற்காக கான்வாஸின் மேல் முன்கூட்டியே ஒரு வெள்ளைப் பூச்சு போடப்பட்டிருக்கும். மை தங்குவது அந்தப் பூச்சில். ஈரம் பட்டு ஊறியதும் பூச்சு இளகி, தேய்த்த துணியோடு வந்துவிட்டது. கூடவே நெற்றியும்.

இந்தப் பலவீனம் இங்க்ஜெட் கலையின் பிறப்பிலேயே இருந்தது. 1991-ல் பாடகர் கிரஹாம் நாஷும் அவருடைய நண்பர் மாக் ஹோல்பர்ட்டும் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய ஐரிஸ் 3047 எந்திரம், அச்சகங்களில் வண்ண மாதிரிகளைச் சரிபார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. மாதிரிப்படி சில வாரங்கள் நிறம் மாறாமல் இருந்தால் போதும். அதன் மை வெறும் சாயம். ஒளியில் வெளிறியது, ஒரு துளி நீர் பட்டாலும் கறை விட்டது. அதே எந்திரத்தில் அவர்கள் கலைப்படிகளை அச்சிட்டார்கள். அப்படிகளுக்கு ஜீக்ளே என்ற பெயரும் அதே வருடம் ஜாக் டுகன் என்பவரால் சூட்டப்பட்டது. 2005-ல் அந்த முதல் எந்திரம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. சில வாரங்களுக்கென்று செய்யப்பட்ட மையைத் தலைமுறைகளுக்கு நீடிக்கச் செய்ய முயன்றவர்களின் கவலையிலிருந்துதான் நிறமி மைகளும் மேற்பூச்சுகளும் வளர்ந்தன என்று சொல்லலாம்.

மீண்டும் அதே கூடத்துக்குப் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "இந்தத் தடவை நீங்களே பூசுங்க சார், நான் கூட நிக்கறேன்" என்றார். புதிதாக அச்சிட்ட படத்தை 24 மணி நேரம் திறந்த நிலையில் கிடத்தி வைத்தோம். மையில் நீரைத் தவிர, மெதுவாக ஆவியாகும் வேறு திரவங்களும் உண்டு. அவை வெளியேறுவதற்கு முன் மூடிவிட்டால், உள்ளே அடைபட்டுப் படலத்தை மங்கச் செய்துவிடும்.

பிளாஸ்டிக் தாளைச் சூட்டிலோ அழுத்தத்திலோ ஒட்டும் வழக்கமான லேமினேஷன் கான்வாஸுக்குப் பொருந்துவதில்லை. நெசவின் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கிவிடும். சட்டத்தில் மடிக்கும் இடங்களில் பிரிந்து எழும்பும். திரவ லேமினேஷன் நெசவோடு சேர்ந்து படிகிறது. அது பெரும்பாலும் நீரில் மிதக்கும் அக்ரிலிக் துகள்கள்தாம். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருட்களும் அதில் கலந்திருக்கும். குலுக்காமல் மெதுவாகக் கிளறச் சொன்னார். குலுக்கினால் நுரை வரும், நுரை படத்தில் குழிகளாக நிற்கும். கிளறாவிட்டாலோ, பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியிலேயே தங்கிவிடும்.

நுரைப்பஞ்சு ரோலரை முதலில் அப்பாவின் தோளில் வைத்தேன். பால் போன்ற வெண்மை அவர்மீது பரவியது. சட்டை மறைந்தது, கழுத்து மறைந்தது, முகத்தின் மீது ரோலர் ஏறியபோது என் கை தயங்கியது. "நிறுத்தாதீங்க சார், காய ஆரம்பிச்ச இடத்துல திரும்பப் போனா பிசிறடிக்கும்" என்றார். முகமும் மூடப்பட்டது. சில நிமிடங்கள் மேசையின் மீது மூட்டமான வெண்மையாகத்தான் அவர் கிடந்தார். பிறகு ஓரங்களிலிருந்து தெளியத் தொடங்கியது. நீர் வெளியேற வெளியேறத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாகின்றன. ஒளியைச் சிதறடிக்க எல்லைகள் இல்லாமல் போகின்றன. அறிவுக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த வெண்மைக்கு அடியிலிருந்து அப்பாவின் கண்கள் முன்னைவிடக் கறுப்பாக எழுந்து வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கறுப்பு ஆழமாவது பூச்சின் இயல்பு என்று பக்கத்தில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் பூச்சு காய்ந்தபின் குறுக்கு வாட்டில் இரண்டாம் பூச்சு. சட்டத்தில் மடிக்கும்போது மை வெடிப்பது விளிம்புகளில்தான் என்பதால் அங்கே மட்டும் மூன்றாவது முறையும் ரோலரை ஓட்டினோம்.

இந்தப் பூச்சு எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிவிடாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்னும். அந்த ஒளியைத் தடுத்தால் படமே தெரியாது. கோடையில் அக்ரிலிக் சற்று இளகும். பூச்சிட்ட இரு படங்களை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதை அகற்ற முடியாது. பழைய எண்ணெய் ஓவியங்களின் வார்னிஷ் மஞ்சளித்தால் வல்லுநர்கள் அதைக் கரைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். பின்னால் வருபவர் நீக்க முடியாத எதையும் செய்யாதே என்பது அவர்களுடைய தொழில் அறம். இங்கே பூச்சும் பூச்சின் கீழுள்ள மையும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் ஸ்கேன் செய்த கோப்பை இரண்டு இடங்களிலும், அந்தச் சிறிய புகைப்படத்தைக் காகித உறைக்குள் இருட்டிலும் வைத்திருக்கிறேன். சுவரில் இருப்பது ஒரு படிதான் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த அமாவாசையன்று, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, படத்தின் மூலையை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினேன். துணி வெள்ளையாகவே இருந்தது. "பாரும்மா, இனிமே ஒண்ணும் ஆகாது" என்றேன். அவள் துணியை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"சரிடா" என்றாள். சந்தனத்தைக் குழைத்து வந்து, நெற்றியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, படத்தின் கீழ் விளிம்பில், துணி மடிந்து உள்ளே போகும் இடத்தில் பொட்டை வைத்தாள். இன்றுவரை அங்கேதான் வைக்கிறாள். நாங்கள் மூன்று முறை பூசியது அந்த விளிம்பைத்தான் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.