எடைக்குறைப்பு ஊசி போடுறீங்களா? காரமடைக்கு வாங்க, நடக்கலாம்!

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் ரயிலில், கடைசி நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தம் காரமடை. ஊட்டிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடும் ஊர். ஆனால், காலார நடக்க வருகிறவர்களுக்கு இங்கே நிறைய இருக்கிறது. அதிலும், உடல் எடையைக் குறைக்க ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஊர் நல்ல பொருத்தம்.

இந்தியாவில் 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி என இரண்டு ஊசிகள் விற்பனைக்கு வந்தன. டாக்டரின் சீட்டு இருந்தால்தான் வாங்க முடியும். வாரம் ஒருமுறை போட வேண்டும். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல இவை வேலை செய்கின்றன. மூளைக்கு ‘போதும்’ என்று தகவல் போகிறது. இரைப்பையும் மெதுவாகவே காலியாகிறது. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது.

சிக்கலும் இங்கேதான். வீகோவியில் இருக்கும் செமாகுளூடைடு மருந்தை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது. 68 வாரங்களில் சராசரியாக 15 சதவிகித எடை குறைந்தது. ஆனால், அவர்களில் ஒரு பகுதியினரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குறைந்த எடையில் சுமார் 40 சதவிகிதம் கொழுப்பு அல்ல; தசையும் நீரும் சேர்ந்த பகுதி. தசை கரைந்தால் மாடிப்படி ஏறுவதே சிரமமாகிவிடும். அதைக் காக்க இரண்டே வழிகள்தான்: உடம்புக்கு வேலை, தட்டில் புரதம்.

முதல் வேலையை அரங்கநாதர் கோயிலில் ஆரம்பிக்கலாம். மேடு பள்ளம் அதிகம் இல்லாத இடம். பிராகாரத்தை வலம் வந்து, தேர் ஓடும் வீதிகளையும் ஒரு சுற்றுச் சுற்றினால் அன்றைய நடைக் கணக்கில் நல்ல பங்கு முடிந்துவிடும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதிதாக நடக்கிறவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கினாலே போதும். கையில் தண்ணீர் பாட்டில் அவசியம். சாப்பாடு குறையும்போது உடம்புக்குள் போகும் தண்ணீரும் குறைந்துவிடுகிறது.

அடுத்தது படி. ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது குருந்தமலை. குழந்தை வேலாயுத சுவாமி குடியிருக்கும் சிறிய குன்று. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் படியேறுவதைப் போல ஒரு பயிற்சி இல்லை. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். முழங்கால் வலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறட்டும். இன்சுலினோ, சில வகை சர்க்கரை மாத்திரைகளோ சேர்த்து எடுப்பவர்களுக்கு சர்க்கரை சட்டென இறங்கலாம். அவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ வைத்திருப்பது நல்லது.

இறங்கி வந்தால் சாப்பாடு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு’ என்பது பழமொழி. கொங்கு வீடுகளில் கொள்ளுப் பருப்புக் கடைசலும் கொள்ளு ரசமும் வழக்கமான சமையல். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. சோற்றைப் பிசைவதற்கு முன்பே கொள்ளுக் கடைசல், முட்டை, தயிர் என்று புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். வயிறு சீக்கிரம் நிறைந்தாலும் தசைக்கு வேண்டியது உள்ளே போயிருக்கும்.

வெள்ளியங்காடு வழியாக பரளிக்காட்டுக்குப் போய், பில்லூர் அணைத் தண்ணீரில் பரிசல் பயணம் போகவும் ஆசை வரும். வனத்துறையிடம் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். ஆனால், ஊசி ஆரம்பித்த புதிதிலும், டோஸ் கூட்டிய வாரத்திலும் குமட்டல் அதிகமாக இருக்கும். வளைந்து ஏறும் மலைப்பாதை அதற்குத் தோதுப்படாது. உடம்பு பழகிய பிறகு போகலாமுங்க, பரிசல் எங்கேயும் ஓடிவிடாது!

நடையை ஏன் விடக் கூடாது என்பதற்கு டென்மார்க்கில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. லிராகுளூடைடு என்ற, இதே வகை ஊசியை வைத்து 195 பேரிடம் அங்கே ஆய்வு செய்தார்கள். ஊசி மட்டும் போட்டவர்களைவிட, ஊசியோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு கொழுப்பு அதிகம் குறைந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும், எடை திரும்பி ஏறியது அவர்களுக்குத்தான் குறைவு.

மாசி மகத்தில் காரமடைத் தேர் ஓடும். அதையொட்டி பக்தர்கள் பந்தம் ஏந்தி ஆடும் பந்த சேவையும் நடக்கும். இன்றைக்கு 10 நிமிடம் நடக்க ஆரம்பிக்கிறவர்கள், அடுத்த மாசியில் வடம் பிடிக்கிற தெம்போடு வரலாம். தராசில் முள் இறங்குவதோடு, அந்தத் தெம்பும் கூடியிருந்தால்தான் ஊசி போட்டதற்குப் பலன்.